பதினேழாம் எண் புளியமரம்

எனக்கு வாய் அடங்காது என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கு வாயே வராது என்று கல்லூரியில் முடிவு கட்டினார்கள். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தது. எழுபதுகளின் கடைசி. சந்தவாசலில் எங்கள் வீடு. வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் எம்.எஸ்.ஸி. முடித்துவிட்டு, அங்கேயே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரைச் சுற்றியிருந்த புளியமரங்களில் நாற்பதுதான் என் ஆராய்ச்சி. எது எப்போது பூக்கிறது, எது எவ்வளவு காய்க்கிறது, ஏன் பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒன்றுபோல் காய்ப்பதில்லை. இதுதான் கேள்வி. இதற்குப் போய் டாக்டர் பட்டமா என்று கேட்ட சித்தப்பாவிடம், உங்களுக்கு ரசம் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், ஆராய்ச்சியை நிறுத்திவிடுகிறேன் என்றேன். அதற்கும் திட்டு விழுந்தது.

மலை ஏறும் பஸ்ஸில் போய், கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். வாரக் கடைசியில் போவேன். முதல் வருடம் தொடங்கும்போதே பிஸ்கட் டின்னை வெட்டி நாற்பது தகரத் துண்டுகள் செய்து, ஆணியால் குத்தி எண் போட்டு, மரத்துக்கு ஒன்றாகக் கட்டுக்கம்பியால் கட்டினேன். அடிமரத்தின் சுற்றளவு அளந்து நோட்டில் எழுதினேன். புளி உலுக்கும் மாசியில் மூட்டைகளைக் கொக்கித் தராசில் மாட்டி, எண்ணுக்கு நேராக எடை எழுதிக்கொள்வேன். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

அந்த இரண்டாவது வருடத்தில்தான் துறைக்கு அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து மூன்று விஞ்ஞானிகள் மலையைப் பார்க்க வருகிறார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் நான்கு பேர் அவர்கள் முன்னால் தங்கள் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். நால்வரில் ஒருவரை அவர்களுடைய ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு வருடம் அழைத்துக்கொள்வார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வேண்டும் என்று வெளியே சொல்லவும் செய்தேன். பெண்கள் அப்படிச் சொல்லும் வழக்கம் அப்போது எங்கள் துறையில் இல்லை.

எங்களைத் தயார் செய்ய மூன்று வாரம் ஒதுக்கினார்கள். ஆங்கிலத் துறையிலிருந்து ஒரு விரிவுரையாளர் தினமும் மாலை வந்தார். தேநீர்க் கோப்பையை எப்படிப் பிடிப்பது, வெள்ளைக்காரர்கள் சொல்வது புரியாவிட்டால் எப்படித் தலையைச் சாய்த்து 'பார்டன்' என்று கேட்பது, பேச்சை எப்படி 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி ஒவ்வொருவராக விளிப்பது, இவையெல்லாம் பாடம். புளியமரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராய்ச்சி என்றால் என்ன செய்தாய், எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள், அதற்குப் பதில் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. எட்டுப் பக்கத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யிலிருந்து எம்.எஸ்.ஸி. வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த மனப்பாடம்தான். அதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

ஒத்திகை அன்று நான்காவது பக்கத்தில் பேராசிரியர் கையைத் தூக்கி ஏதோ கேட்டார். எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அதை மறுபடி ஓட்ட எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். 'மதிப்பிற்குரிய' என்று முதலிலிருந்து தொடங்கினேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி 'மதிப்பிற்குரிய'. மூன்றாவது முறை தொடங்கியபோது அறையே சிரித்தது. நான் எட்டுப் பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், அவர்கள் சிரிக்கச் சிரிக்க.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். "இங்க பாரும்மா, வேலை உன்னுது. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா பேச்சுன்னு வந்தா மெட்ராஸ் பையன் பேசட்டும். அவனுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. நீ பக்கத்துல நின்னு சார்ட்டைக் காமி. உன் பேரு கீழ இருக்கும்."

மெட்ராஸ் பையன் என்று அவர் சொன்னது என்னோடு ஆராய்ச்சி செய்த சக மாணவரை. கான்வென்டில் படித்தவர், நல்ல மனிதர்.

"என் மரத்தப் பத்தி அவரு எப்டி சார் பேசுவாரு? அவரு அந்த மலைக்கே வந்ததில்லையே."

"மரத்தைப் பார்த்தா பேசணும்? நீ எழுதினதைப் பேசப்போறான்."

"அப்ப இடம் கெடச்சா யாருக்கு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்குக் கதவைச் சாத்திய சத்தம் கீழ் மாடிவரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

அந்த வாரக் கடைசியில் மலைக்குப் போனேன். புளி உலுக்கி முடித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு நீக்கி, கொட்டை தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள், இரண்டு பிள்ளைக்காரி. நான் யாருக்கும் டீச்சர் இல்லாதபோதே என்னை டீச்சரம்மா என்று கிண்டலாகக் கூப்பிட்டவள். இரண்டு வருடமும் மூட்டை தூக்கித் தராசில் மாட்டியது அவள்தான்.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். முடித்ததும் அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள்.

"அப்டி இன்னாத்ததான் பேசுவ? எங்களாண்ட பேசு, கேப்பம்."

நின்றுகொண்டு தமிழில் தொடங்கினேன். மூன்று வாக்கியம்கூடப் போகவில்லை. "எந்த மரத்த சொல்ற? ஓடையாண்ட கீதே அதுவா?" என்றாள் ஒருத்தி. நான் தடுமாறி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"தோ, மறுக்கா மொதல்லருந்தா? அதத்தான் கேட்டமே. மேல சொல்லு," என்றாள் அவள்.

அவர்கள் யாரும் யாரையும் முழுதாகப் பேசவிட்டு நான் பார்த்ததில்லை. புளி தட்டும் இடத்தில் பேச்சு அப்படித்தான். ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி குறுக்கே வருவாள், சொல்பவள் அவளுக்கும் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள். அதை மரியாதைக் குறைவு என்று அங்கே நினைப்பதில்லை. கேட்காமல் இருந்தால்தான் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் அவர்கள் என்னைத் தட்டி எடுத்தார்கள். நடுநடுவே வேடிக்கைக்காக இங்கிலீஷில் பேசு என்றார்கள். பேசினேன். தமிழில் கேள்வி கேட்டார்கள், நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன், அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவே இல்லை.

இரண்டாம் நாள் மதியம், பெருமையாகப் பதினேழாம் எண்ணுக்கு வந்தேன். அதுதான் என் ஆராய்ச்சியின் நட்சத்திரம். முதல் வருடம் ஏதோ பேருக்குக் காய்த்த மரம், இரண்டாம் வருடம் நாலு மடங்கு காய்த்திருந்தது. மழை, வேர், மண் என்று இரண்டு பக்கம் காரணம் எழுதியிருந்தேன்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள்.

"இன்னாக்கா?"

"மொத வருசம் நீ எட போட்டது மாமியா மரம். இந்த வருசம் போட்டது தேங்கட்டி. அது வேற மரம், இது வேற மரம்."

அவர்கள் ஊரில் ஒவ்வொரு புளியமரத்துக்கும் பெயர் உண்டு. கடுப்பேற்றும் புளிப்பு என்றால் மாமியா மரம். இனிப்பு ஓடினால் தேங்கட்டி. இடி விழுந்தது, கூனி, ரெட்டைப் பிள்ளை என்று நாற்பதுக்கும் நாற்பது பெயர். இரண்டு வருடத்தில் நான் ஒன்றைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. எண் போட்டாகிவிட்டதே, பெயர் எதற்கு?

"தகரம் எப்டிக்கா மாறிச்சு?"

"நாந்தான் மாத்தினேன்." குரலில் கொஞ்சமும் பயமில்லை. "ஃபாரஸ்ட்டுக்காரன் நம்பர் போட்டா அந்த மரம் ஏலத்துக்குப் பூடும்னு எங்களுக்குத் தெரியாதா? நீ பாட்டுக்கு வந்து நம்பர கட்டிட்டுப் போய்ட்ட. காட்டோரமா கீற ஒம்போது மரத்து தகரத்த மட்டும் அவுத்து, நீ நம்பர் போடாத, காய்க்காத மரமா பாத்துக் கட்டிட்டேன். வர்றவன் அத்த எட்துக்கினு போவட்டும்னு. ஒரு வருசம் ஆச்சு, ஒருத்தனும் வரல. நீ பாவம், வெயில்ல எட போட்டுகினே கீற. சரின்னு மறுபடியும் பழைய மரத்துலயே கட்டிட்டேன்."

அவள்மேல் கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் நாற்பதையும் மாற்றியிருப்பேன். கோபமெல்லாம் என்மேல்தான். ஒன்பது மரம் மாறியிருக்கிறது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடிமரத்தை இன்னொரு முறை அளந்திருந்தால் பிடிபட்டிருக்கும். எனக்குத் தகரம்தான் தெரிந்தது, மரம் தெரியவில்லை. அன்று மாலைக்குள் அவளும் நானும் நாற்பது மரத்தையும் சுற்றிவந்து, பெயரையும் சுற்றளவையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். ஒன்பது மரத்தின் கணக்கைச் சிவப்பு மையில் அடித்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொன்னேன். யார் மாற்றினார்கள் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

"வியாழக்கிழமை வர்றாங்க. சார்ட் எல்லாம் எழுதியாச்சு. இப்ப போய் இதைச் சொல்லுவியா?"

"முப்பத்தொரு மரம் சரியா இருக்கு சார். அத மட்டும் பேசலாம்."

"பதினேழாம் நம்பர் இல்லாம அதுல என்ன இருக்கு? யாரும் அவ்வளவு தூரம் கேக்கமாட்டாங்க. விடும்மா."

நான் பேசாமல் வந்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். என்னைத் தெரிந்தவர் யாரும் அப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை, மலைமேல் இருந்த பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மூவரும் முன்வரிசையில். நரைத்த தலையை ஒட்ட வெட்டிய அம்மாள் ஒருவர்தான் அவர்களில் பெரியவர் என்று பார்த்த உடனே தெரிந்தது. பக்கத்தில் எங்கள் பேராசிரியர், ஆங்கில விரிவுரையாளர், அப்புறம் சீருடையில் காட்டிலாகா அதிகாரி ஒருவர். வராந்தாவுக்கு வெளியே, வேடிக்கை பார்க்க ஊர்ப் பெண்கள். அவளும் இருந்தாள்.

சக மாணவர் அருமையாகப் பேசினார். நான் குச்சியால் சார்ட்டைத் தொட்டுக்கொண்டு நின்றேன். பதினேழாம் எண் வந்ததும் அந்த அம்மாள் கையைத் தூக்கினார். ஒரே வருடத்தில் நாலு மடங்கா, மற்ற மரங்களுக்கும் அதே மழைதானே என்று கேட்டார். சக மாணவர் நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தையும் ஒப்பித்தார். அது அதே மரம்தான் என்று எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி. தகர அடையாளம் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று தொடங்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியரும் பார்த்தார்.

குச்சியைக் கீழே வைத்தேன்.

"இல்லை. அது அதே மரம் இல்லை," என்றேன் ஆங்கிலத்தில்.

யாரையும் விளிக்கவில்லை, மதிப்பிற்குரிய எதுவும் சொல்லவில்லை. அடையாளம் மாறியது, ஒன்பது மரம், முதல் வருடக் கணக்கு தப்பு, முப்பத்தொன்றுதான் சரி. துண்டு துண்டாக வந்தது. அந்த அம்மாள் நடுவில் குறுக்கிட்டார். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தில் பிடித்தேன். மறுபடி குறுக்கிட்டார். எனக்குப் புரியவில்லை. "என்ன?" என்று மொட்டையாகக் கேட்டேன். பார்டனுக்காக மூன்று வாரம் உழைத்த விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் நிதானமாகத் திருப்பிச் சொன்னார், நானும் சொன்னேன். அது என் மரம், என் தப்பு, என் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடம்போல ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

கடைசியாக அவர் கேட்டார். "யார் மாற்றியது?"

சீருடைக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வெளியே நின்ற பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் நகர்ந்தது அவர்களுக்குத் தெரிந்தது. அவள் இடத்தைவிட்டு அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஆராய்ச்சியில் ஒரு தகவல் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது உங்களுக்குக் கற்றுத்தரப்படவில்லையா?"

"மரம் அங்கேயேதான் இருக்கிறது. சுற்றளவு நோட்டில் இருக்கிறது. வாருங்கள், நீங்களே அளந்து பாருங்கள். மாற்றினவர் பெயர் தெரிந்து மரத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியப்போவதில்லை."

"அப்படியானால் உங்கள் சொல்லை மட்டும் நம்ப வேண்டும் என்கிறீர்களா?"

"நம்ப வேண்டாம். அளந்து பாருங்கள்."

பேராசிரியர் எழுந்து, இந்தப் பெண் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்றார். நான் உணர்ச்சிவசப்படவில்லை என்று அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அளக்க வரவில்லை. தேநீர் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் சக மாணவருக்கு. "நீயே கெடுத்துக்கிட்ட," என்றார் பேராசிரியர். "ஆமா சார்," என்றேன். வேறென்ன சொல்ல? அந்த இடத்துக்காக எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது. அதை மறைத்துப் பெருந்தன்மையாக எழுத எனக்கு வரவில்லை. அந்தச் சக மாணவர் மட்டும் புறப்படும் முன் சந்தவாசலுக்குப் பஸ் ஏறி வந்து, "இது உங்க எடம்," என்றார். ஆமாம் என்று அவரிடமும் சொன்னேன். காபி குடித்துவிட்டுப் போனார்.

மலையில் அவளிடம் சொன்னபோது அவள் நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. எரிந்து விழுந்தாள். "எம்பேர சொல்லிட்டுப் போய்ருக்கலாம் இல்ல? இன்னா, தூக்குலயா போட்ருவாங்க?" அதைச் சொன்ன வாயோடு, "அந்த காக்கிச்சட்ட ஆளு அப்புறமா ஊருக்குள்ள வந்து ரெண்டு நாள் கேட்டுகினு கெடந்தாரு. ஒருத்தியும் வாய தொறக்கல," என்றாள்.

முப்பத்தொரு மரத்தை வைத்து இன்னும் இரண்டு அறுவடை எடை போட்டேன். இந்த முறை நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும் இருந்தது. கட்டுரையைத் தட்டச்சு செய்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு நானே விமானத் தபாலில் அனுப்பினேன். பேராசிரியர் கையெழுத்தில்லாமல் வெளிநாட்டுக்கு ஒரு அட்டைகூடப் போகாத துறை அது. ஒன்பது மரத்தை ஏன் விட்டேன் என்பதை மறைக்காமல் ஒரு வரி எழுதியிருந்தேன். 'இம்மரங்களின் அடையாளங்கள் ஊர்க்காரர்களால், தக்க காரணத்தோடு, மாற்றப்பட்டிருந்தன.'

மூன்று மாதத்தில் பத்திரிகை ஆசிரியரின் பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்படுகிறது, 'தக்க காரணத்தோடு' என்பதை மட்டும் நீக்கவும், அது அறிவியல் அல்ல. நீக்க முடியாது என்று எழுதினேன். அப்படியானால் காரணத்தையும் ஆளையும் குறிப்பிடவும் என்று வந்தது. காரணத்தை எழுதுகிறேன், ஆளை எழுத மாட்டேன், காரணம் இல்லாமல் மாற்றினார்கள் என்று படிப்பவர் நினைத்தால் அதுதான் பொய் என்று எழுதினேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு மாதம், மூன்று மாதம். தபால்காரர் அலுத்துப்போய், "இன்னாம்மா, அந்த ஊர்ல பொண்ணு பாக்குறாங்களா?" என்று கேட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் கடிதங்களில்தான். கடைசியில் அந்த வரி அப்படியே அச்சானது, கீழே சின்ன எழுத்தில் காரணத்தோடு.

பிறகு எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எண்பதுகளில் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேநீர்க் கோப்பையை அவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மாசி மாதத்தில் பஸ் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போய், புளி தட்டும் பெண்கள் நடுவில் நிற்கவைத்து, உன் ஆராய்ச்சியைச் சொல் என்பேன். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கியவர்களை அந்தப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். அந்த வட்டத்தில் தாக்குப்பிடித்தவர்கள் எந்த ஊர் மேடையிலும் திணறவில்லை.

அச்சான கட்டுரையை முதலில் கொண்டுபோய்க் காட்டியது அவளிடம்தான். புளிக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அந்த வரி எங்கே என்றாள். அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து, தமிழில் சொன்னேன். 'தக்க காரணத்தோடு' என்பதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

"இதுக்கா இத்தினி நாளா லெட்டர் போட்டுகினு இருந்த?"

"ஆமாக்கா."

"எம்பேரு இதுல எங்கியும் இல்லியே?"

"எங்கயும் இல்ல."

"அப்ப சரி," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இதிலும் இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.